எக்ஸ்பிரஸ் ரெஸ்ட் சேவையில் ஜேசன் வாசிப்பை அமைப்பது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ் மேல் இயங்கும் எக்ஸ்பிரஸ் என்ற வலைச் சட்டகத்தில் ரெஸ்ட் சேவை (எச்டிடிபி வழியே தரவைப் பரிமாறும் சேவை) எழுதுபவர்கள் முதலில் அறிய வேண்டியது, வந்து சேரும் கோரிக்கையின் ஜேசன் (பெயர்-மதிப்பு இணைகளாகத் தரவை எழுதும் உரை வடிவம்) உள்ளடக்கத்தை எக்ஸ்பிரஸ் தானாகப் பிரித்துத் தராது என்பதே. 2017-இல் வந்த 4.16 பதிப்புக்கு முன் இதற்காக பாடி-பார்சர் தொகுப்பைத் தனியே நிறுவும் வழக்கம் இருந்தது. இப்போது அந்த வசதி எக்ஸ்பிரஸிலேயே கிடைப்பதால், ஆப்.யூஸ்(எக்ஸ்பிரஸ்.ஜேசன்()) என்ற ஒரே வரி போதும். இங்கே தமிழில் தரும் பெயர்களை நிரலில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்ச வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வரி எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். எக்ஸ்பிரஸ் மிடில்வேர்களை (கோரிக்கை கடந்து செல்லும் இடைநிலைச் செயற்கூறுகளை) எழுதிய வரிசையிலேயே இயக்குவதால், ரூட்டுகளுக்குக் (ஒவ்வொரு முகவரிப் பாதைக்கும் பதில் தரும் பகுதிகளுக்கு) கீழே அந்த வரியை வைத்தால் அவற்றுக்கு ரெக்.பாடி, அதாவது பிரித்த உள்ளடக்கம், கிடைக்காது.

வரி சரியான இடத்தில் இருந்தும் ரெக்.பாடி வெறுமையாக இருந்தால், கோரிக்கையில் உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் தலைப்பைப் பாருங்கள். அது அப்ளிகேஷன்/ஜேசன் என்று இல்லாவிட்டால் இந்த மிடில்வேர் பிழை எதுவும் காட்டாமல் கோரிக்கையைக் கடந்து போய்விடும். கர்ல் கருவியில் -டி தெரிவை மட்டும் கொடுத்தால் படிவ வகையும், உலாவியின் ஃபெட்ச் வழியே சரத்தை மட்டும் அனுப்பினால் டெக்ஸ்ட்/பிளெய்ன் வகையும் செல்லும் என்பதால், புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். இந்நிலையில் நான்காம் பதிப்பில் ரெக்.பாடி வெற்றுப் பொருளாகவும், 2024-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லாத நிலை) ஆகவும் இருக்கும். பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவு வரம்பு இயல்பாக 100 கேபி. தமிழ் உரையைக் கையாள்பவர்களுக்கு இது தோன்றுவதைவிடச் சிறியது, ஏனெனில் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவைப்படுகிறது. மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்த ‘கி’ போன்ற எழுத்து 6 பைட் ஆகிறது. அனுப்பும் நிரல் பைத்தானில் இருந்து, ஜேசன்.டம்ப்ஸ் இயல்பு அமைப்பில் இயங்கினால், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் பின்சாய்கோடும் ‘யு’ எழுத்தும் கொண்ட 6 பைட் வடிவத்துக்கு மாறி அளவு இன்னும் இரட்டிக்கும். நீண்ட கட்டுரைகளை ஏற்கும் ரூட்டுக்கு லிமிட் தெரிவில் 1எம்பி என்று கொடுங்கள். ஆனால் எல்லா ரூட்டுகளுக்கும் வரம்பை உயர்த்துவது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. அந்த ஒரு பாதைக்கு மட்டும் பெரிய வரம்புள்ள மிடில்வேரைப் பொதுவானதற்கு முன்பாகவே பதிவு செய்ய வேண்டும், பின்னால் வைத்தால் பொதுவானது முந்திக்கொண்டு மறுத்துவிடும்.

பிழையான ஜேசன் வந்தால் 400, வரம்பை மீறினால் 413 என்ற நிலைக்குறியுடன் பிழை எழும். நாமாக ஏதும் செய்யாவிட்டால் எக்ஸ்பிரஸ் அதை எச்டிஎம்எல் பக்கமாக அனுப்பும். ஜேசனை எதிர்பார்க்கும் செயலி அந்தப் பக்கத்தைப் படிக்க முயன்று, உண்மைக் காரணத்தை மறைக்கும் வேறொரு பிழையைக் காட்டும். ஆகவே எல்லா ரூட்டுகளுக்கும் பின்னால், எர், ரெக், ரெஸ், நெக்ஸ்ட் என்ற நான்கு அளவுருக்களைக் கொண்ட பிழை கையாளியை எழுதுங்கள். நெக்ஸ்ட் பயன்படவில்லையே என்று அதை நீக்கிவிடக் கூடாது; மூன்றே இருந்தால் எக்ஸ்பிரஸ் அதைச் சாதாரண மிடில்வேராகவே கருதும். எர்.டைப் மதிப்பு ‘என்டிட்டி.பார்ஸ்.ஃபெயில்ட்’ எனில், 400 நிலைக்குறியுடன் சிறு ஜேசன் செய்தியைத் திருப்பி அனுப்பலாம்.

கட்டண நுழைவாயில் போன்றவை அனுப்பும் வெப்ஹூக்குகளில் (ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக வரும் கோரிக்கைகளில்) கையொப்பத்தைச் சரிபார்க்க, வந்த பைட்டுகள் மாறாமல் வேண்டும். பிரித்த பொருளை மீண்டும் சரமாக்கினால் இடைவெளிகள்கூட மாறிவிடலாம் என்பதால், வெரிஃபை தெரிவில் தரும் செயற்கூறில் மூல பஃபரை (வந்த பைட்டுகளின் தொகுப்பை) ரெக் பொருளிலேயே சேமித்துக்கொள்ளுங்கள்.

எண்களில் ஒரு பொறி உண்டு: 9007199254740991-ஐத் தாண்டிய முழு எண்கள் பிரிக்கும்போதே துல்லியம் இழக்கக்கூடும், அதற்கு எந்தப் பிழையும் எழாது. நீண்ட அடையாள எண்களை மேற்கோள் குறிக்குள் சரமாகவே அனுப்பும்படி உங்கள் சேவையின் பயனர்களிடம் கேளுங்கள்.