மரியோ ஸ்பீட்ரன்: சின்னத் தடுமாற்றத்துக்கு ரீசெட் வேண்டாம்

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேமை ஸ்பீட்ரன் செய்கிறீர்களா, அதாவது முடிந்தவரை வேகமாக ஆடி முடிக்கப் பார்க்கிறீர்களா? 1-1, 4-1 போன்ற கட்டங்களில் குழாயில் லேசாக முட்டியதற்கெல்லாம் ரீசெட் அடித்து முதலிலிருந்து தொடங்காதீர்கள். கட்டத்தின் முடிவில் இருக்கும் கொடிக்கம்பம் வரை ஓடிப் பாருங்கள். பல நேரம் துளி நேரம்கூடப் போயிருக்காது.

காரணம் இதுதான்: கட்டத்தை முடித்த அதே கணத்தில் ஆட்டம் நம்மை அடுத்த கட்டத்துக்கு விடுவதில்லை. நொடிக்குச் சுமார் 60 பிரேம் (திரையில் மாறும் படங்கள்) ஓடுகிறது. அதில் 21 பிரேமுக்கு ஒருமுறைதான், அதாவது ஏறக்குறைய 0.35 நொடிக்கு ஒருமுறைதான், அடுத்த கட்டம் திறக்கும். ஐந்தாறு பிரேம் பிந்தி வந்தாலும் அதே இடைவெளிக்குள் வந்துவிட்டால் இழப்பு பூஜ்யம். ஒரே ஒரு பிரேமில் தவறவிட்டால் முழு 0.35 நொடியும் போச்சு.

கொடியைப் பிடிக்கும்போது திரையில் தெரியும் கடிகாரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 ஆக இருக்கக் கூடாது. இருந்தால் வாணவேடிக்கை வெடித்து முடியும்வரை நிற்க வேண்டும். இது சின்ன இழப்பு இல்லை.

அந்த 21 பிரேம் இடைவெளி தரும் சலுகை கடைசிக் கட்டமான 8-4-இல் கிடையாது. அங்கே வில்லன் பவுசருக்குப் பின்னால் இருக்கும் கோடரியைத் தொட்டதும் ஓட்டம் முடிகிறது, ஆகவே ஒவ்வொரு பிரேமும் கணக்கில் வரும். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை அந்தக் கட்டத்துக்கே, முக்கியமாக அதில் தண்ணீருக்குள் நீந்தும் பகுதிக்குக் கொடுங்கள். அப்புறம், வேறு ஆட்டங்களுக்கு இந்த 21 பிரேம் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.