சிறு குளத்தின் நீர்வரவையும் மண்ணிழப்பையும் கணக்கிடுதல்: வன்னிக்கான தொடக்கநிலைச் செய்முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, பேராறு ஆகிய எல்லாமே ஐப்பசி முதல் தை வரையான மழையை நம்பி ஓடி, கோடையில் மணற்படுக்கையாகக் கிடப்பவை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பராமரித்து, நீர்மட்டத்தையும் பதிவு செய்கிறது. ஆனால் 80 ஹெக்டேயர் வரையான வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. அவற்றின் அன்றாடக் கணக்கைக் கமக்காரர் அமைப்புகள்தாம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்க விரும்புவோருக்காகவே இந்த விளக்கம் எழுதப்படுகிறது. நீரை ஒருவரும் மண்ணை வேறொருவரும் கணக்கிடுகிற வழக்கம் திணைக்களங்களில் இருந்தாலும், ஒரே மழைதான் இரண்டையும் குளத்துக்குள் கொண்டுவருகிறது என்பதால், இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதுவதே சரியான முறை என்பது என் கருத்து.

படி 1: நீரேந்து பகுதியை வரைதல்

குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரியாமல் எதையும் கணக்கிட முடியாது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் குளத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் வந்து விழும் ஓடைகளையும், அவற்றைப் பக்கத்துக் குளத்தின் ஓடைகளிலிருந்து பிரிக்கும் மேட்டையும் பென்சிலால் குறியுங்கள். கணினி தெரிந்தவர்கள் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில், 2000 ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்ட 30 மீற்றர் உயரத் தரவை இட்டு, எல்லையைத் தானாக வரையச் செய்யலாம். ஆனால் அந்த ரேடார் அடர்ந்த காட்டில் நிலத்தைவிட மரத்தலைகளின் உயரத்தையே பெரிதும் அளந்திருக்கிறது. வன்னியின் மேடுபள்ளமோ சில மீற்றர்களுக்குள் அடங்குவது. பாலையும் வீரையும் நிற்கும் காட்டின் ஓரத்தில் இல்லாத மேடு ஒன்றைக் கணினி காட்டினால் வியப்படைய வேண்டாம். திரையில் வந்த எல்லையை நடந்து பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

நடக்கும்போது ஒரு கவனம். கண்ணிவெடி அகற்றல் முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உள்ளன. எச்சரிக்கைப் பலகையோ குறிக்கம்பமோ தெரிந்தால் திரும்பிவிடுங்கள். அந்தத் துண்டை வரைபடத்திலிருந்து மதிப்பிட்டால் போதும்.

மேலே வேறு குளங்கள் இருந்தால் அவற்றையும் குறியுங்கள். உலர் வலயக் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்தவை என்பதைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985 இல் எடுத்துக்காட்டினார். மேற்குளம் நிரம்பி வான் (மிகைநீர் வெளியேறும் வழி) பாயும் வரை அதன் நீரேந்து பகுதி உங்கள் கணக்கில் சேராது.

படி 2: மழையை அளத்தல்

மாவட்ட நகரத்தில் பெய்த மழை உங்கள் குளத்தில் பெய்த மழை ஆகாது. வாயும் உடலும் ஒரே விட்டமுள்ள நேரான பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில், கட்டையில் பொருத்தி, வளிமண்டலவியல் திணைக்களம் செய்வதுபோல் நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பாருங்கள். வாயின் விட்டம் 10 சென்ரிமீற்றராக இருந்தால், சேர்ந்த நீரில் ஒவ்வொரு 78.5 மில்லிலீற்றரும் 10 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். மழை இல்லாத நாளுக்குப் பூச்சியம் என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால், அன்று மழை இல்லையா அல்லது பார்க்க மறந்தார்களா என்பது பின்னர் யாருக்கும் தெரியாது.

படி 3: ஓட்டத்தைக் கணக்கிடுதல்

விழுந்த மழையில் எவ்வளவு ஓடிவரும் என்பதை மதிப்பிட, அமெரிக்க மண் பாதுகாப்புச் சேவை உருவாக்கிய வளைவெண் முறையே தொடக்கநிலையாளருக்குப் போதுமானது. மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் பொறுத்து ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் 100 க்கு உட்பட்ட ஓர் எண் தரப்படுகிறது. எண் கூடினால் ஓட்டமும் கூடும். வன்னியில் பரவலாக உள்ள செங்கபில மண், காய்ந்தால் இறுகி, மழைத்துளி பட்டதும் மேற்பரப்பு அடைபட்டுவிடும் இயல்புடையது. ஆகவே நீரை மெதுவாக உறிஞ்சும் மண்வகுப்பில் அதைச் சேர்த்து, நடுத்தரக் காட்டுக்கு 73, உழுது வெறுமையாகக் கிடக்கும் நிலத்துக்கு 91 என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேக்கம் = 25400 ÷ வளைவெண் − 254
ஓட்டம் = (மழை − 0.2 × தேக்கம்)² ÷ (மழை + 0.8 × தேக்கம்)

தேக்கம் என்பது நிலம் பிடித்துவைக்கக்கூடிய உச்ச நீரளவு. எல்லா அளவுகளும் மில்லிமீற்றரில். மழை 0.2 × தேக்கத்தைத் தாண்டாவிட்டால் ஓட்டம் பூச்சியம்.

ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால், காட்டில் தேக்கம் 93.9 ஆகவும் ஓட்டம் 37.7 மில்லிமீற்றராகவும் வரும்; வெறும் நிலத்தில் ஓட்டம் 75.1 மில்லிமீற்றர். 40 மில்லிமீற்றர் மட்டும் பெய்தால் காடு 3.9 மில்லிமீற்றரும் வெறும் நிலம் 20.4 மில்லிமீற்றரும் தரும். பெருமழையில் இருமடங்காக உள்ள வேறுபாடு சிறுமழையில் ஐந்து மடங்காகிவிடுகிறது.

140 ஹெக்டேயர் காடும் 60 ஹெக்டேயர் வெறுஞ்சேனையும் (காட்டை எரித்துத் துப்புரவாக்கிய, இன்னும் பயிர் மூடாத நிலம்) உள்ள நீரேந்து பகுதியை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிமீற்றர் மழைக்குக் காட்டிலிருந்து 52,780 கனமீற்றரும் சேனையிலிருந்து 45,060 கனமீற்றரும், ஆக 97,840 கனமீற்றர் வரும். ஓர் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழ நீர்) 1,233.5 கனமீற்றர் என்பதால் இது ஏறக்குறைய 79 ஏக்கர் அடி. ஒவ்வொரு நிலவகைக்கும் ஓட்டத்தைத் தனியே கண்டு கூட்டுங்கள். வளைவெண்களை முதலில் சராசரியாக்கினால் சிறுமழைகளின் ஓட்டம் குறைவாகவே வரும்.

இந்த எண்கள் நடுத்தர ஈரமுள்ள நிலத்துக்குரியவை. கார்த்திகை முழுவதும் பெய்து நிலம் ஊறிய பிறகு அதே காட்டின் வளைவெண்ணை 86 ஆக உயர்த்த வேண்டும். அப்போது 100 மில்லிமீற்றர் மழைக்குக் காடே 63 மில்லிமீற்றர் ஓட்டம் தந்துவிடும். கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் பாதித்த 2018 வெள்ளம் டிசம்பரின் பிற்பகுதியில் வந்தது என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளலாம்.

காட்டை வெட்டினால் குளம் விரைவாக நிரம்புமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கின்படி அது உண்மைதான். ஆனால் அந்த நீர் சில மணி நேரத்துக்குள் திரண்டு வந்து, குளம் நிரம்பியிருக்கும் காலத்தில் வான் பாய்ந்து கடலுக்குப் போய்விடும்; அதனுடன் வந்த மண் மட்டும் குளத்தில் தங்கி, அடுத்த ஆண்டு சேமிக்கக்கூடிய நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

படி 4: குளத்தின் வரவுசெலவு

நாளைய நீர் = இன்றைய நீர் + ஓட்டம் + குளத்தின் மேல் விழும் மழை − ஆவியாதல் − கசிவு − துருசு (வயலுக்கு நீர் விடும் மதகு) வழியே விட்டது − வான் பாய்ந்தது. நீர்ப்பரப்பு 20 ஹெக்டேயராகவும் ஆவியாதல் நாளுக்கு 5 மில்லிமீற்றராகவும் இருந்தால், துருசைத் திறக்காமலே நாளொன்றுக்கு 1,000 கனமீற்றர், 30 நாளில் 24 ஏக்கர் அடி இழக்கப்படும். துருசு மூடியிருக்கும் மழையற்ற நாட்களில் மட்டம் இறங்கிய அளவிலிருந்து ஆவியாதலைக் கழித்தால் மீதி கசிவு. சிறுபோகக் (கோடைப் பயிர்) கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற பேச்சு எழும்போது, இன்று குளத்தில் நிற்கும் நீரை அல்ல, இந்த இழப்புகளைக் கழித்த பின் உள்ள நீரையே பங்கிட வேண்டும்.

படி 5: மண்ணிழப்பு

விஷ்மையரும் ஸ்மித்தும் 1965 இல் வெளியிட்டு 1978 இல் திருத்திய பொது மண்ணிழப்புச் சமன்பாடு, மழையின் அரிக்கும் வலு, மண்ணின் அரிபடும் தன்மை, சாய்வின் நீளமும் செங்குத்தும், நிலமூடல், பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் பெருக்கி ஆண்டு மண்ணிழப்பைத் தருகிறது. மழையின் வலுவை அறிய அரைமணி நேரச் செறிவு தேவை; காலை 8.30 மணிப் பதிவு அதைத் தராது. ஆதலால் தொடக்கத்தில் முழு எண்ணைத் தேடாமல், ஒரே மழையும் ஒரே மண்ணும் உள்ள இரு நிலத்துண்டுகளை ஒப்பிடுங்கள். பொதுவான காரணிகள் தாமாகவே கழிந்துவிடும்.

3 வீதச் சாய்வும் 60 மீற்றர் நீளமும் உள்ள சேனையின் சாய்வுக் காரணி 0.35. நடுவில் ஒரு வரம்பு போட்டு நீளத்தை 30 மீற்றர்களாகப் பிரித்தால் அது 0.29 ஆகிறது, ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அதே நிலத்தில் பாதிப் பரப்பை வைக்கோலோ சருகோ மூடியிருந்தால், நிலமூடற் காரணி வெறும் நிலத்துக்குரிய 1 இலிருந்து ஏறக்குறைய 0.3 க்கு இறங்கிவிடும். நல்ல காட்டுக்கு அது 0.003 அளவிலேயே இருக்கும். மலைநாட்டில் வரம்பும் கல்லணையும் முதலில் வரலாம். தட்டையான வன்னியில் ஐப்பசியின் முதல் மழை விழும் நாளில் நிலத்தின் மேல் ஏதாவது மூடியிருக்கிறதா என்பதே முதற் கேள்வி. சேனையை எரித்துத் துப்புரவாக்கி, உழுந்தும் கச்சானும் முளைத்து இலை விரிக்கும் வரை வெறுமையாகக் கிடக்கும் அந்தச் சில வாரங்களில்தான் மண் அதிகம் போகிறது.

படி 6: கணக்கை நிலத்தில் சரிபார்த்தல்

பெருமழையின்போது, குளத்துக்குள் வரும் ஓடையில் ஒரு லீற்றர்ப் போத்தலை நீரோட்டத்தின் நடுப்பகுதியில் அமிழ்த்தி நிரப்புங்கள். முதல் மணி நேரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வடியும்போது ஒன்று எடுத்து, நேரத்தை எழுதி நிழலில் வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும். அதன்மேல் வண்டல் படியும். களியின் செம்மை மட்டும் நாட்கணக்கில் கலங்கி நிற்கும். களியும் படிந்த பிறகு தெளிந்த நீரை மெல்ல வடித்து, எஞ்சியதை வெயிலில் காயவைத்து, நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்றின் சராசரி லீற்றருக்கு 2 கிராம் என்றால், நாம் மேலே கண்ட 97,840 கனமீற்றர் நீருடன் ஏறக்குறைய 196 தொன் மண் வந்திருக்கிறது. படிந்த மண் கனமீற்றருக்கு 1.3 தொன் என்று பிரித்தால் அது ஏறக்குறைய 151 கனமீற்றர், அதாவது 53 கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி), ஒரே நாளில்.

நிலத்திலும் அளக்கலாம். அரை மீற்றர் இரும்புக் கம்பிகளைச் சேனையில் அடித்து, மண்மட்டத்தில் நிறப்பூச்சால் கோடிட்டு, பருவம் முடிந்ததும் வெளித்தெரியும் நீளத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் இறக்கம் என்பது ஒரு ஹெக்டேயரில் 10 கனமீற்றர் மண்.

படி 7: எங்கே கைவைப்பது

இப்போது வரைபடத்தில் மண் அதிகம் தரும் துண்டுகள் தெரிந்திருக்கும். அங்கே முதலில் மூடலையும், பிறகு சமவுயர வரம்பையும் செய்யுங்கள். மேசன்மாரின் நீர்மட்டக் குழாயால் மட்டம் பார்க்காமல் கண்ணளவில் போட்ட வரம்பு, தாழ்ந்த இடத்தில் உடைந்து புதிய ஓடையாகிவிடும். அலைகரைக்கு (கட்டுக்கு எதிரே குளத்து நீர் தொடும் கரை) மேலே உள்ள புல்வெளியையும் மருதும் நாவலும் நிற்கும் மரவரிசையையும் உழவிடாதீர்கள், ஏனெனில் ஓடிவரும் மண்ணைக் குளத்துக்கு வெளியே தடுக்கும் கடைசி இடம் அதுதான். கிரவல் அகழ்ந்த குழிகளின் ஓரமும் ஓடையோடு சேராதபடி பார்க்க வேண்டும்.

தூர்வாருதல் இவற்றுக்குப் பின்னரே. மண் அகழும் பெக்கோ இயந்திரத்தை இறக்குமுன் கமநல அலுவலகத்தின் அனுமதியையும் துருசின் அடிமட்டத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியின் நீர் மாட்டுக்கும் மீனுக்கும் உதவுமே தவிர வயலுக்குப் பாயாது. கட்டின் அருகே தோண்டினால் கசிவும் கூடும். எடுத்த மண்ணை அலைகரையில் குவித்தால் அடுத்த ஐப்பசியில் அது குளத்துக்கே திரும்பும் என்பதால், மேட்டுத் தோட்டங்களுக்கு ஏற்றிவிட வாகனத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.