சமூகவியல் பட்டத்துக்குக் கடன்: தவணை எந்த மாதம் தொடங்குகிறது?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வருடாவருடம் அதே காட்சிதான். கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை, கையில் தனியார் நிறுவனமொன்றின் பளபளப்பான தாள், பக்கத்தில் தோட்டைக் கழற்றத் தயாராக நிற்கும் தாய். பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் பாடக்குறியீட்டைப் பிழையாக எழுதுவது போன்ற சறுக்கல்களைப் பள்ளிக்கூட ஆசிரியரே திருத்திவிடுவார். காசு போகிற வழிகளைத்தான் யாரும் சொல்வதில்லை.

வெட்டுப்புள்ளி வருமுன் முற்பணம் கட்டுவது

பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு என்று அரச பல்கலைக்கழகங்களில் சமூகவியல் இருக்கிறது. உள்வாரியாகச் சேர்ந்தால் பாடக் கட்டணம் இல்லை. அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து அங்கே இடம் கிடைத்த பிறகு, தனியார் நிறுவனத்தில் கட்டிய முற்பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்கள், 'மீளளிக்கப்படாது' என்ற வரியை அப்போதுதான் ரசீதில் பார்க்கிறார்கள்.

நீண்ட படிப்புக்குக் குறுங்கடன்

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான், எரிச்சலும் இதில்தான். கடன் வாங்கும்போது எல்லோரும் கேட்பது "வட்டி எவ்வளவு?" என்று. "முதல் தவணை எப்போது?" என்று கேட்பவர் அரிது.

பொதுப் பட்டத்துக்கு மூன்று வருடம், சிறப்புப் பட்டத்துக்கு நான்கு. அதன்மேல் வேலைக்குக் காத்திருக்கும் காலம். நகை அடகோ வழக்கமாக ஒரு வருடத்துக்கு. மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு அடுத்த வாரமே ஆள் வாசலில் நிற்பார். தனிநபர் கடனுக்கு அடுத்த மாதமே தவணை. பட்டம் சம்பாதித்துத் தரும் என்ற நம்பிக்கையில் வாங்கிய கடனை, அந்தப் பட்டம் ஒரு சதம் தருமுன்பே அடைத்தாக வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று லட்சம் ரூபா, 36 மாதம், வருடத்துக்கு நூற்றுக்கு 18 நிலையான வட்டி. வருட வட்டி 54,000, மூன்று வருடத்துக்கு 1,62,000. மொத்தம் 4,62,000, மாதத் தவணை ஏறத்தாழ 12,833. மாதாமாதம் கடனின் முதல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு மூன்று லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துசெல்லும் மீதியில் கணக்கிட்டால் இது 30 வீதத்துக்கு மேல். பலகையில் எழுதியிருந்தது 18.

இனி இதைத் தேயிலைத் தோட்டக் கணக்கில் பாருங்கள். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தால் அந்தத் தவணை ஒன்பதரைப் பேர், அதாவது ஒன்பதரை நாள் சம்பளம். 25 நாள் வேலைக்கு 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழித்தால் 31,050. அதில் பத்தில் நான்கு பங்கு தவணைக்கே போய்விடும். மழையில் கொழுந்து குறைந்து அரைப் பேர் விழுகிற மாதத்தில் முதல் கடனை அடைக்க இரண்டாவது கடன் வரும். அது வந்த வீட்டில் பிள்ளை நடுவிலேயே படிப்பை விட்டு, கொழும்பில் கடையில் நிற்பது வழக்கம். சான்றிதழ் இல்லை, தவணை மட்டும் மிச்சம்.

கடன் தவிர்க்கவே முடியாதென்றால், மொத்தமாக எடுக்காமல் பருவத்துக்குப் பருவம் தேவையான அளவுக்கு எடுங்கள். கொப்பியில் மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தவணை எவ்வளவு, அதை யார் எந்த வருமானத்திலிருந்து கட்டுகிறார் என்று பெயரோடு குறியுங்கள். பெயரில்லாத மாதம் வந்தால் அந்தக் கடன் உங்களுக்குப் பொருந்தாது. கையொப்பத்துக்கு முன் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்; முன்கூட்டியே அடைத்தால் வட்டி குறையுமா என்றும் கேளுங்கள்.

அரசின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் வட்டியை அரசே ஏற்கிறது. ஆனால் அது அமைச்சு அங்கீகரித்த அரசசாரா உயர்கல்வி நிறுவனங்களின் அங்கீகரித்த பாடநெறிகளுக்கு மட்டும். நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாமல் உங்கள் பாடநெறியின் பெயரையும் அந்த வருடப் பட்டியலில் தேடுங்கள்.

முதல் சம்பளத்தைப் பெரிதாகப் போடுவது

2020இல் அரசு பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது, ஒரு வருடப் பயிற்சிக் காலத்துக்குக் கொடுத்தது மாதம் 20,000 ரூபா. தொண்டு நிறுவன வேலையோ பெரும்பாலும் திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு முடிவது. களக் கணக்கெடுப்பில் படிவத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஆகவே முதல் வருடத்தைப் பன்னிரண்டு மாதச் சம்பளமாக எண்ண வேண்டாம். ஆறு மாதம் என்று போடுங்கள். சிங்களத்தில் நேர்காணல் எடுக்கவும், கோபோ செயலியில் தரவு சேர்க்கவும், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் அட்டவணை போடவும் தெரிந்தால் அந்த ஆறு கூடலாம்.

பட்டம் மட்டுந்தான் வழி என்றும் இல்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியத் தொழிலுக்கு நேரே கொண்டுபோய் விடும். வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞானம் படிக்கவும் இடமுண்டு. அங்கே கட்டணம் உண்டு, ஆனால் சம்பளம் நிற்காது.

மஹாபொலவை நம்பி போடிங் பேசுவது

அரச பல்கலைக்கழக மாணவருக்கான மஹாபொல மாத உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டம் 5,000இலிருந்து 7,500 ரூபாவாக்கியது. முதல் காசு கைக்கு வர மாதங்களாகும். போடிங் என்கிற வாடகை அறைக்கு முற்பணம் முதல் நாளே.

அம்மாவின் சேமலாப நிதி

பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம் என்பதற்காக எடுக்காதீர்கள். அவருக்கு ஓய்வூதியம் கிடையாது.

அங்கீகாரத்தைக் கடைசியில் பார்ப்பது

உள்நாட்டுத் தனியார் பட்டமென்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் பட்டமளிக்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே எழுதிக் கேளுங்கள். சான்றிதழில் வரப்போவது சமூகவியலா, சமூகப்பணியா, முகாமைத்துவமா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கான வர்த்தமானி அறிவித்தல் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.