படுக்கப் போகவும் ஓர் அலாரம்

காலையில் எழுவதற்கு அலாரம் வைப்பதுபோல, இரவு படுக்கப் போவதற்கும் ஒன்று வையுங்கள். ஐந்தரைக்கு எழுபவர் என்றால் இரவு ஒன்பதரைக்கு. அது அடித்ததும் டிவி, செல்போன் எல்லாம் அணைந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

நம்மில் பலருக்குத் தூக்கம் குறைவது, தூக்கம் வராததால் அல்ல, படுக்கவே நேரமாகிவிடுவதால். அது மறுநாள் அசதியோடு முடிவதில்லை. மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் வந்தவர்களின் மூளையில் படியும் பீட்டா அமிலாய்டு என்ற புரதம், ஒரே ஓர் இரவு கண்விழித்தாலே கூடுவதை 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 20 பேரை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்ததில், 50 வயதிலிருந்தே தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. தூக்கம் மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் புரதம் படியத் தொடங்கிவிடுவதால், நாற்பதுகளில் இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சுத் திணறல், பகலில் தூங்கி வழிவது இருந்தால் அலாரம் உதவாது, டாக்டரைப் பாருங்கள். படுத்தும் தூக்கம் வராமல் புரள்பவர்களுக்கும் இது சரிவராது, சீக்கிரம் படுத்தால் புரளும் நேரம்தான் கூடும். நைட் ஷிஃப்ட்காரர்கள் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம். அப்புறம், மறதிநோய் ஏற்கெனவே தொடங்கியவர்களுக்கு இது சிகிச்சை ஆகாது.