மருத்துவமனைக் கப்பலுக்கு மீண்டும் ஊழியம் செய்யச் செல்பவர்களுக்கு

மருத்துவமனைக் கப்பலில் ஒருமுறை ஊழியம் செய்து திரும்பியவர்களில் பலருக்கு, சில மாதங்களிலேயே மறுபடியும் போக வேண்டும் என்ற ஆவல் எழுந்துவிடுகிறது. அந்த ஆவல் நல்லது; ஆனால் பழகிய இடந்தானே என்று எண்ணி ஆயத்தமில்லாமல் புறப்படுகிறவர் உடன் ஊழியர்களுக்குப் பாரமாகிவிடுவார். இரண்டாம் முறை செல்பவர் முதல்முறை செல்பவரைவிடக் கூடுதலாகவே ஆயத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், கப்பல் எது, அது எந்தத் துறைமுகத்தில் நிற்கப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1978-இல் தொடங்கிய, மருத்துவமனைக் கப்பல்களை நடத்தும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பான மெர்சி ஷிப்ஸின் ஆப்பிரிக்கா மெர்சி என்னும் கப்பல், டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற பழைய கப்பலை மாற்றியமைத்து 2007-இல் சேவைக்கு வந்தது. 174 மீட்டர் நீளமுள்ள குளோபல் மெர்சியோ தொடக்கத்திலிருந்தே மருத்துவமனையாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. ஒன்றில் பணியாற்றியவர் மற்றொன்றில் ஏறினால், வார்டு அமைந்திருக்கும் தளம் முதல் சாப்பாட்டுக்கூடம் வரை எல்லாவற்றையும் புதிதாகவே கற்க வேண்டியிருக்கும். துறைமுகம் மாறினால் நோயாளிகளின் மொழியும் மாறும்: சியரா லியோனின் ஃப்ரீடவுனில் கிரியோ, மடகாஸ்கரின் டோமசினாவில் மலகாசி. வணக்கம், வலிக்கிறதா, மூச்சை நன்றாக இழுங்கள் ஆகியவற்றுக்கான சொற்களையாவது புறப்படுமுன் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு நாட்டில் ஏறத்தாழ பத்து மாதங்கள் சேவை செய்தபின் கப்பல் பராமரிப்புக்காகச் செல்வது வழக்கம். அப்போது மருத்துவமனை மூடியிருப்பதால் செவிலியர்களுக்கு வேலை குறைவு. எந்திரப் பொறியாளர், மின்பணியாளர், சமையல் மற்றும் துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கோ அது மிகவும் தேவையுள்ள காலம். அறுவைச் சிகிச்சைகளும் துறை துறையாக அட்டவணையிடப்படுகின்றன. தீக்காயத் தழும்பால் இறுகிய மூட்டுகளைச் சீராக்கும் பணியில் அனுபவமுள்ளவர், அந்தச் சிகிச்சைகள் நடக்கும் மாதங்களைக் கேட்டறிந்து விண்ணப்பிப்பதே பயனுள்ளது. நமக்கு விடுமுறை கிடைக்கும் காலத்தைவிடக் கப்பலுக்கு நாம் தேவைப்படும் காலத்துக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

முன்பு சேர்த்துக்கொண்டார்களே, இப்போதும் எளிதாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி ஆவணங்களைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். தொழில் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். போதகரிடமும் பணியிட மேலாளரிடமும் பரிந்துரைக் கடிதங்களைப் புதிதாகவே பெறுங்கள். கடவுச்சீட்டு பயணம் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் 2016 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால், பழைய அட்டை பத்திரமாக இருந்தால் பொதுவாக மறுபடி ஊசி தேவையில்லை. கப்பலை இயக்கும் பிரிவுகளில் சேர்பவர்கள், கடற்பணியாளருக்கான பாதுகாப்புப் பயிற்சியை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

உடல்நலத்தைப் பற்றி உண்மையை மட்டுமே எழுதுங்கள். சென்ற பயணத்துக்குப் பிறகு சர்க்கரை நோய் வந்திருக்கலாம், முழங்கால் தேய்ந்திருக்கலாம், மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். மருத்துவமனைதானே, அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் ஆபத்தானது; அந்த மருத்துவமனை குறிப்பிட்ட அறுவைச் சிகிச்சைகளுக்காக அமைக்கப்பட்டது, எல்லா நோய்க்கும் அங்கே வசதி இருக்காது. நோயை மறைத்துச் செல்பவர் ஒரு நோயாளிக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறார்.

பயணச் செலவைத் தன்னார்வலரே ஏற்க வேண்டியிருக்கிறது. முதல்முறை உற்சாகத்தோடு கொடுத்த சபையார் இரண்டாம் முறை தயங்கக்கூடும். அதைக் குறையாக எண்ணாமல், முன்பு தந்த பணம் எதற்குச் செலவானது, இப்போது எவ்வளவு தேவை, நாம் இல்லாத மாதங்களில் வீட்டுப் பொறுப்பை யார் பார்ப்பார்கள் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு ஜெபத்துக்கு ஒப்புக்கொடுங்கள்.

கப்பலில் ஏறியபின் கட்டாயம் தவிர்க்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: “போன தடவை நாங்கள் இப்படிச் செய்யவில்லையே.” வார்டின் நடைமுறைகள் மாறுவதற்குக் காரணங்கள் இருக்கும்; முதல் சில நாட்கள் கேட்பதும் கவனிப்பதுமே உங்கள் வேலை. நாட்டுக்குள்ளிருந்தே வேலைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர்களை முதலில் நாடுங்கள். நோயாளி சொல்லத் தயங்குவதை அவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். வளைந்த கால்களை நேராக்கிய குழந்தைக்கு மாவுக்கட்டு போட்டிருக்கும்போது, கால் விரல்களின் நிறத்தையும் சூட்டையும் பார்த்து, நகத்தை அழுத்திவிட்டு இரண்டு விநாடிக்குள் இரத்தம் திரும்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். இத்தனை ஆண்டு அனுபவமுள்ளவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் பழக்கத்தின் பெயரால் முதலில் விட்டுப்போவது இத்தகைய சிறு சோதனைகள்தான். குழந்தையின் தாய் பெரும்பாலும் அதே கட்டிலை ஒட்டியோ அதன் கீழே விரித்த மெத்தையிலோ படுத்திருப்பார். இரவு நேரத்தில் குனிந்து அவரை எழுப்பாமல் வேலையை முடிப்பதும் ஒரு பணிவிடையே.

அபாய ஒலிப் பயிற்சிக்கும் இதே விதி பொருந்தும். ஆபத்தின்போது எல்லாரும் கூடும் இடம் முன்பு இருந்த அதே இடந்தான் என்று நினைத்துக்கொண்டு நடக்காமல், அறைக்குள் நுழைந்த அன்றே அங்கிருந்து அந்த இடத்துக்கு இரண்டு வழிகளிலும் நடந்து பாருங்கள். தண்ணீரைச் சிக்கனப்படுத்த இரண்டு நிமிடத்தில் குளித்து முடிக்கும் வழக்கத்துக்கும், பலர் பகிரும் அறையில் அமைதி காக்கும் ஒழுக்கத்துக்கும் வீட்டிலேயே பழகத் தொடங்குங்கள்.

பழைய நண்பர்கள் பெரும்பாலோர் போயிருப்பார்கள். அந்த வெறுமையை எதிர்பார்த்தே செல்லுங்கள். அதைவிடக் கடினமானது, கப்பலில் சிகிச்சை தர இயலாத நோயாளிகளைத் திருப்பி அனுப்புவதைக் காண்பது. புற்றுநோய் முற்றியவரிடம் இயலாது என்று சொல்லும்போது அவசரமாக வசனம் சொல்லித் தேற்ற முயலாமல், மொழிபெயர்ப்பாளரோடு அருகில் அமர்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். எந்த மதத்தவராயினும் சிகிச்சை இலவசமே. நம் விசுவாசத்தைச் சிகிச்சைக்கு விலையாக யாரும் உணர்ந்துவிடக் கூடாது.

வீடு திரும்பியபின் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரமும், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாளும் தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் சென்று, ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் இருந்ததைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.