நாக்ஸ்வில்லுக்குப் படிக்க வருகிறீர்களா? கத்தும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்துக்கு ஆகஸ்டில் வந்திறங்கினால் வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாவற்றையும் சீனியர்களே பார்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமை ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) மேட்ச்சைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. முதுகுப் பையோடு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான், அதுவும் 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள். வளாகத்தில் நிறுத்திய காரை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவார்கள்.

பெரிய வம்பு உள்ளேதான். சேப்பாக்கத்தில் நம் ஆள் பேட் பிடித்தால் விசிலடித்தே பழகியவர்கள் நாம். இங்கே நம் அணியிடம் பந்து இருக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் பந்து நகரும். அது காதில் விழாமல் ஒருவர் முன்கூட்டியே அசைந்துவிட்டால் ஃபால்ஸ் ஸ்டார்ட் என்ற தவறு, அணி ஐந்து யார்டு பின்னே போக வேண்டும். எதிரணியிடம் பந்து போனதும் தொண்டை கிழியக் கத்தலாம். முக்கியமாகத் தேர்டு டவுனில், அதாவது மூன்றாவது வாய்ப்பில். பத்து யார்டு கடக்க நான்கு வாய்ப்பு, மூன்றாவதும் வீணானால் பெரும்பாலும் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிடுவார்கள் (இதுதான் பன்ட்).

இதன் வேர் ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த ஜெனரல் ராபர்ட் நேலண்டிடம் இருக்கிறது. ராணுவக்காரர். 1926 முதல் 1952 வரை, ராணுவப் பணிக்காக இருமுறை விட்டுப் போனாலும், 21 சீசன்கள் பயிற்சி தந்தார்: 173 வெற்றி, 31 தோல்வி, 12 டிரா. அவருடைய ஏழு விதிகளை ஆட்டத்துக்கு முன் லாக்கர் ரூமில் இன்றும் வீரர்கள் சேர்ந்து சொல்கிறார்கள். முதல் விதி: குறைவாகத் தவறு செய்யும் அணி ஜெயிக்கும். தப்பான நேரத்தில் நாம் போடும் கூச்சல் நம் அணிக்கே அந்தத் தவறைத் தேடித் தரும். பக்கத்துச் சீட்டுப் பெரியவர் முறைப்பது அதனால்தான்.

இரண்டாவது, அதிர்ஷ்டம் வரும்படி ஆடு, வந்ததும் புள்ளி எடு என்பது. ஆறாவதைத்தான் புதிதாக வருபவர்கள் தவறவிடுகிறார்கள்: உதையாட்டத்தில் அழுத்தம் கொடு, திருப்பம் அங்கேதான் பிறக்கிறது. பன்ட் அடிக்கும் நேரம் பாப்கார்ன் வாங்கும் நேரமல்ல. இந்த விதிகளோடு ஆடிய நேலண்டின் அணிக்கு எதிராக 1939 வழக்கமான சீசனின் பத்து ஆட்டங்களிலும் எதிரணிகள் எடுத்த புள்ளி சுழியம். (அடுத்த புத்தாண்டு நாளில் சீசனுக்குப் பிந்தைய ரோஸ் பவுல் ஆட்டத்தில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திடம் 14-0 என்று தோற்றதை இங்கே யாரும் ஆர்வமாகப் பேச மாட்டார்கள். நீங்களும் எடுக்காதீர்கள்.)

ஏழாவது விதி, 60 நிமிடமும் சண்டையை எதிராளி பக்கமே வைத்திரு என்பது. அந்த 60 நிமிடம் ஆட்டக் கடிகாரத்தின் கணக்கு. நடப்பில் மூன்றரை மணி நேரம் ஆகும். மதியம் 12 மணி ஆட்டமென்றால் நாலு மணிவரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.