பழைய காசு விற்பனைக் குழுவில் மோசடியைத் தடுப்பது எப்படி

பழைய காசு சேகரிப்பவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப், முகநூல் குழுக்களில் விற்பனை தானாகவே தொடங்கிவிடும். ஒருவரிடம் இரட்டிப்பாக இருக்கும் காசு இன்னொருவரின் ஆல்பத்தில் காலியாக இருக்கும் இடத்தை நிரப்புகிறது, இருவருக்கும் மகிழ்ச்சி. இந்த நல்ல பழக்கத்திற்குள்தான் மோசடிக்காரரும் நுழைகிறார். சில ஆண்டுகளாக அத்தகைய குழு ஒன்றின் விற்பனைப் பகுதியைக் கவனித்து வருபவன் என்ற முறையில், ஏமாந்தவர்கள் காட்டிய உரையாடல்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். ஏறத்தாழ எல்லாவற்றிலும் பேரம் குழுவை விட்டு விலகித் தனிச்செய்தியில் நடந்திருந்தது, வாங்குபவர் அவசரப்படுத்தப்பட்டிருந்தார், காசைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு விற்பவரைப் பற்றிய பதிலே கிடைத்திருந்தது. ஆகவே கீழே சொல்லும் வழிமுறைகள் அனைத்தும் பேரத்தைப் பொதுவில் வைத்திருப்பதற்கும், ஆளைப் பற்றிய பேச்சை விட்டுக் காசைச் சோதிப்பதற்கும் ஆனவை.

முதல் விதி படம் பற்றியது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காசும், விற்பவரின் பெயரும் அன்றைய தேதியும் கையால் எழுதிய தாளின் மேல் வைத்துப் படமெடுக்கப்பட வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். விலை உயர்ந்த காசாக இருந்தால், நிர்வாகி அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல்லையும் தாளில் எழுதச் சொல்லி, காசை வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பும் சிறு காணொளி ஒன்றையும் கேட்க வேண்டும். ஏல நிறுவனங்களின் பட்டியல்களிலிருந்து படத்தை எடுத்துத் தன் காசு என்று போடுபவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். கைப்பேசி பழுது, ஊரில் இல்லை, காசு வங்கி லாக்கரில் இருக்கிறது என்று காரணம் சொல்பவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. படம் வரும் வரை பதிவு நீக்கப்பட்டிருக்கும் என்று மட்டும் சொன்னால் போதும். கூகுள் லென்ஸில் படத்தைத் தேடிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அங்கே எதுவும் அகப்படவில்லை என்பது காசு விற்பவரிடம் இருப்பதற்குச் சான்றாகாது.

காசு உண்மையிலேயே கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது அசலா என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் சேகரிப்பாளரின் அறிவு காவலாக நிற்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது பழைய எடை அளவில் ஒரு தோலா. 1939 வரை அதில் 91.7 விழுக்காடு வெள்ளி இருந்தது; 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி; 1946, 1947 ரூபாய்கள் நிக்கலால் ஆனவை. விற்பவரிடம் நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு இருந்தால், அடர்த்திச் சோதனையை இரண்டு நிமிடத்தில் காணொளியாகவே எடுத்து அனுப்பலாம். முதலில் காசைத் தராசில் வைத்து எடையைக் காட்ட வேண்டும். பிறகு தண்ணீருள்ள சிறு டம்ளரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுவதும் மூழ்குமாறு தொங்கவிட வேண்டும். 91.7 விழுக்காடு வெள்ளி ரூபாயானால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். 1940களின் பாதி வெள்ளி ரூபாயானால் 1.22 அளவில் நிற்கும். பித்தளையிலோ, வெள்ளியே இல்லாத உலோகக் கலவையான ஜெர்மன் சில்வரிலோ அடித்து வெள்ளி முலாம் பூசிய போலியானால், எடை சரியாகவே இருந்தாலும் 1.35ஐ ஒட்டிப் போய்விடும். காந்தச் சோதனையை மட்டும் நம்புபவர்கள் இரண்டு விதமாக ஏமாறுவார்கள். பித்தளைப் போலி காந்தத்தில் ஒட்டாது; அசல் 1947 நிக்கல் ரூபாயோ நன்றாகவே ஒட்டும்.

அடர்த்தி சரியாக இருந்தாலும் ஆண்டு பொய்யாக இருக்கலாம். 1939 ரூபாய் மிக அரிது என்பதால், 1938 ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கி விற்கும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. வெள்ளி, எடை, அச்சு எல்லாம் அசலாகவே இருப்பதால் தராசு இதைப் பிடிக்காது. ஆண்டு எண்ணைப் பத்து மடங்கு உருப்பெருக்கியின் வழியே, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம்தான் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு எண்ணைச் சுற்றி மட்டும் தளம் தேய்ந்தோ கீறியோ மினுங்கினால் வாங்கக் கூடாது. இப்படி ஒரு காசுக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன். என் தராசு சரி என்று சொன்னதும், இனிச் சோதிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். ஒரு மூத்த சேகரிப்பாளர் உருப்பெருக்கியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது.

1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை வேறு வழியில் சோதிக்கலாம். அரசரின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் உள்ள யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், அந்த அச்சு திரும்பப் பெறப்பட்டு, 1912 முதல் யானை திருத்தப்பட்டது. எனவே 1911 என்று ஆண்டு இருந்து, யானை நீண்ட துதிக்கையுடன் தெளிவாக நின்றால், ஆண்டு மாற்றப்பட்டிருக்கிறது என்று அறியலாம். ஒவ்வொரு அரிய காசுக்கும் இப்படிப்பட்ட அடையாளக் குறிப்பை எழுதி, குழுவில் எப்போதும் கிடைக்குமாறு வைப்பது, நூறு எச்சரிக்கைச் செய்திகளை விடப் பயன் தரும்.

உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த வார்ப்புப் போலிகளை விளிம்பு காட்டிவிடும். இரண்டு அரை அச்சுகள் சேர்ந்த கோடு விளிம்பில் தெரியும் அல்லது அராவி மறைக்கப்பட்டிருக்கும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். எழுத்துகள் சோப்பில் செதுக்கியவை போல மழுங்கியிருக்கும். இவற்றை விட உறுதியான சான்று ஒன்று உண்டு. ஒரே அசலிலிருந்து வார்க்கப்பட்ட போலிகளில் அந்த அசலின் கீறலும் பள்ளமும் அதே இடத்தில் அப்படியே பதிந்திருக்கும். போன ஆண்டு ஒருவர் விற்ற காசில் அரசரின் கன்னத்தில் இருந்த கீறல், இன்று வேறொருவரின் காசிலும் அதே இடத்தில் இருந்தால், இரண்டையுமே நிறுத்திவைக்க வேண்டும். இதற்காகவே விற்பனைப் படங்களை அழிக்காமல், காசின் வகைப்படி ஒரு கோப்புறையில் சேமித்து வைக்க வேண்டும்.

இராமர் பட்டாபிஷேகம், அனுமன் ஆகிய உருவங்களுடன் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரில் 1818 என்று போட்டு வரும் செப்புக் காசுகளுக்குச் சோதனையே தேவையில்லை. கம்பெனி அப்படிக் காசு அடிக்கவில்லை. அவற்றையும், அரிசியை இழுக்கும் சக்தி கொண்டவை என்று சொல்லப்படும் காசுகளையும் குழுவில் பதிவிடவே விடக் கூடாது. பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் விலை என்று சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணமும் வரியும் கேட்பவர்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. புதிதாகச் சேரும் உறுப்பினருக்கு அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சங்க காலக் காசு, சோழர் காசு என்று வருபவற்றில் அசல் தன்மையோடு, அவை எப்படிக் கைக்கு வந்தன என்ற கேள்வியும் சேர்கிறது. மண்ணிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் காசுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தக்கூடும் என்பதால், வந்த வழியைச் சொல்லாதவருக்கு விற்க அனுமதி கொடுக்கக் கூடாது.

காசைச் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனங்களின் உறையில் அடைத்த காசாக இருந்தால், உறையின் எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் காசின் கீறல்களோடு ஒப்பிட வேண்டும். உறையையும் போலியாகச் செய்கிறார்கள். உண்மையான எண்ணைப் போலி உறையில் அச்சிடுகிறார்கள்.

இனி விற்பவர். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, அம்மாவின் மருத்துவச் செலவுக்காக விற்கிறேன் என்பவை உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் அவை காசைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. ஆதார் அட்டையின் படத்தை அனுப்பி நம்பிக்கை தேடுபவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். முன்பு ஏமாந்த ஒருவரின் அட்டையாக அது இருக்கலாம். குழுவும் உறுப்பினர்களின் அட்டைகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்கக் கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் அந்தச் சேமிப்பே அடுத்த மோசடிக்கு மூலப்பொருளாகிவிடும்.

நற்பெயரைத் தொகையோடு சேர்த்தே எடைபோட வேண்டும். பொறுமையான மோசடிக்காரர் முதல் சில மாதங்களில் ₹100, ₹200 காசுகளை நேர்மையாக அனுப்பிப் பாராட்டுகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாள் ₹20,000 காசை ஒரே நேரத்தில் பலருக்குத் தனித்தனியாக விற்றுவிட்டு மறைந்துவிடுவார். ஆகவே ஒருவர் இதுவரை முடித்த மிகப் பெரிய விற்பனையின் இரண்டு மடங்குக்கு மேல் அவரிடம் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று எங்கள் குழுவில் வைத்திருக்கிறோம். அதற்கு மேற்பட்ட காசை, வாங்குபவரின் ஊருக்கு அருகிலுள்ள அனுபவசாலியான உறுப்பினர் ஒருவருக்கு அனுப்பிச் சோதித்த பின், பணம் நேரடியாக விற்பவருக்குச் செல்ல வேண்டும். நிர்வாகிகள் பணத்தைத் தங்கள் கணக்கில் வாங்கி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்த வழக்கம் ஏற்பட்டுவிட்டால், நிர்வாகியின் பெயரையும் படத்தையும் போட்டுக்கொண்டு வரும் போலி எண்ணுக்குப் பணம் போகத் தொடங்கிவிடும்.

குழுவில் நடக்கும் ஏலத்தில் தோற்றவர்களைத்தான் இந்தப் போலி எண்கள் முதலில் தேடி வருகின்றன. “முதல் ஆள் பின்வாங்கிவிட்டார், காசு உங்களுக்கே, உடனே பணம் போடுங்கள்” என்ற செய்தி தனியாக வந்தால், குழுவில் வெளிப்படையாகக் கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும். விற்பவரின் நண்பரே ஏலம் கேட்டு விலையை ஏற்றுவதும் நடப்பதால், வென்றவர் பணம் கட்டாவிட்டால், இரண்டாமவரிடம் அவர் சொன்ன உச்ச விலையைக் கேட்காமல், ஏலத்தை மறுபடி நடத்துவதே நியாயம்.

பணம் செலுத்தும்போது, யுபிஐ செயலியில் தோன்றும் வங்கிக் கணக்குப் பெயரும் குழுவில் பதிவான விற்பவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மைத்துனர் கணக்கு, நண்பர் கணக்கு எதையும் ஏற்கக் கூடாது. பழகிய உறுப்பினரே திடீரென்று புதிய கணக்குக்குப் பணம் கேட்டால், அவருடைய எண் களவு போயிருக்கலாம் என்பதால், அழைத்துக் குரலைக் கேட்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொல்பவர் பணத்தைப் பறிப்பவர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை.

அனுப்பும் பொதியைக் காப்பீட்டோடு அஞ்சலில் அனுப்புவது நல்லது. இரு பக்கமும் காணொளி வேண்டும்: காசைத் தராசில் வைத்து உறையிட்டு ஒட்டுவதை விற்பவரும், முகவரி தெரியப் பொதியைப் பிரித்துக் காசை எடைபோடுவதை வாங்குபவரும், வெட்டில்லாமல் எடுக்க வேண்டும். காசை மாற்றி வைத்துவிட்டுப் போலி வந்தது என்று சொல்லும் வாங்குபவரும் உண்டு. இந்தக் காணொளி நேர்மையான விற்பவரையும் காக்கும். கண்காணிப்பு எண் வந்தவுடன் அது எந்த அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் போகிறது, ரசீதில் எடை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். பொதி வரும்போது அஞ்சல் துறையிடம் பணம் கட்டும் வி.பி.பி. முறையில் பணம் கட்டிய பிறகே பொதியைப் பிரிக்க முடியும் என்பதால், அது முழுப் பாதுகாப்பு ஆகாது.

திரும்பப் பெறும் விதியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தரம் பிடிக்கவில்லை என்றால் ஏழு நாள் போதும். போலி என்று தெரியவந்தால் கால எல்லையே இருக்கக் கூடாது. “அசல் தன்மைக்குப் பொறுப்பில்லை” என்று எழுதி விற்பவரை நான் அனுமதிப்பதில்லை. தான் விற்பது அசலா என்று சொல்லத் துணியாதவர், அதை அசலின் விலைக்கு விற்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, தேசிய சைபர் குற்றப் பதிவுத் தளத்திலும் வங்கியிலும் புகார் கொடுக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன் முடக்க முடிவது தொடக்க மணிநேரங்களில்தான். பரிவர்த்தனை எண், உரையாடலின் முழு நகல், படங்கள், அஞ்சல் ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். விற்பனைக் குழுவில் தானாக மறையும் செய்தி வசதி எப்போதும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இதனால்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318ஆம் பிரிவு ஏமாற்றுக் குற்றத்தைக் கையாள்கிறது. குழுவில் அறிவிக்கும்போது தேதி, தொகை, காசு, நடந்தவை ஆகியவற்றை மட்டும் எழுதி, எதிர்த்தரப்பின் பதிலையும் அதே இடத்தில் போட வேண்டும். வசைச்சொற்கள் வழக்கைப் பலவீனமாக்கும்.

கையில் மிஞ்சிய போலிக் காசு, வழக்கு முடியும் வரை சான்றுப்பொருள். அதன்பின் அதைப் போலி என்று சொல்லியும்கூட விற்கக் கூடாது, ஏனெனில் அடுத்தவர் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு விற்பார். அதன் இரு பக்கங்களையும் விளிம்பையும் கீறல்கள் தெரியப் படமெடுத்து, எடையும் தண்ணீரில் காட்டிய அளவும் எழுதி, போலிகளுக்கான கோப்புறையில் சேர்த்துவிட வேண்டும். அதே வார்ப்பின் அடுத்த காசு விற்பனைக்கு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கிடைக்கும்.